வெட்டுத்துணியில ஒரு ஒட்டுப்போர்வை: முதல் தடவை தைக்கப் போறவங்களுக்கு

வீட்ல ஒரு மெஷின் இருக்கு, தலகாணி உறை, பாவாடை வரைக்கும் தைக்கத் தெரியும், பீரோவுக்கு அடியில ரெண்டு கட்டப்பை நிறைய மிச்சத்துணி கிடக்கு, தூக்கிப் போட மனசு வரல, அப்படினா இது உங்களுக்குத்தான். குவில்ட், அதாவது துண்டுத்துணிய இணைச்ச மேல் துணி, நடுவுல உள்துணி, கீழ அடித்துணி மூணையும் சேத்துத் தைக்கிற ஒட்டுப்போர்வை, அத தைக்கிற வீடியோ பாத்தா அவங்க வெச்சிருக்கிற உருளைக் கத்தி, கட்டம் போட்ட மேட், விதவிதமான ரூலர் எல்லாம் பாத்தே நிறைய பேர் இது நமக்கு ஆகாதுன்னு விட்டுடறாங்க. அதுல முக்காவாசி இல்லாமலே தைக்கலாம், நான் முதல் மூணு போர்வையும் ஒரு கத்திரி, ஒரு ஸ்டீல் ஸ்கேல், பழைய பிளாஸ்டிக் ஃபைல்ல வெட்டின ஒரு அட்டை, இத வெச்சுத்தான் தைச்சேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். போர்வை நல்லா வருமா வராதாங்கிறது மெஷின்ல உக்காரறதுக்கு முன்னாடியே பாதிக்கு மேல முடிவாயிடுது. துணி பிரிக்கிறது, துவைக்கிறது, கஞ்சி போட்டு தேய்க்கிறது, அளவா வெட்டுறது, இதெல்லாம் சலிப்பா இருக்கும், ஆனா இத ஒழுங்கா பண்ணிட்டா தைக்கிறது ரெண்டு மூணு சாயங்கால வேலைதான். அவசரப்பட்டு நேரா தைக்க உக்காந்தா அப்புறம் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சு வெறுத்துப் போய் பாதில சுருட்டி வெச்சுடுவோம்.

முதல் போர்வைக்கு நான் சொல்ற அளவு 36 இன்ச்சுக்கு 36 இன்ச். குழந்தைய கீழ விரிச்சு விளையாட விடலாம், பெரியவங்க கால்ல போத்திக்கலாம். 5 இன்ச் சதுரமா 64 துண்டு வெட்டி, எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுனு சேத்தா, ஒவ்வொரு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள்ள போயி ஒரு சதுரம் நாலரை இன்ச்சா நிக்கும், எட்டு நாலரை முப்பத்தாறு. சதுரம் மட்டும்தான், முக்கோணம் பூவெல்லாம் அடுத்ததுக்கு வெச்சுக்கலாம்.

துணி சேக்கிறது

முதல் எடம் தெரு முனைல இருக்கிற டெய்லர் கடை. வெட்டினது போக மிஞ்சுற துண்ட நம்ம டெய்லருங்க வெட்டுத்துணின்னுதான் சொல்வாங்க. நான் போய், "அண்ணே, வெட்டுத்துணி இருந்தா தூக்கிப் போடாம எடுத்து வைங்கண்ணே"ன்னு கேட்டப்ப அவர் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "காட்டன் மட்டும் வேணுமாம்மா, எல்லாம் வேணுமா"ன்னு கேட்டார், அந்தக் கேள்வியிலேயே பாதி பாடம் இருக்கு. காட்டன் மட்டும்னு சொல்லுங்க. ஒரு சின்ன கவர் குடுத்து அதுல போட்டு வெக்கச் சொல்லிட்டு வாரா வாரம் போய் வாங்குங்க, நடுவுல ஒரு தடவ வடையோ பஜ்ஜியோ வாங்கிட்டுப் போங்க. சுடிதார் வெட்டுனதுல கழுத்துக்கும் கைக்கும் பக்கத்துல விழுற துண்டு பெருசா இருக்கும், 5 இன்ச் சதுரம் தாராளமா எடுக்கலாம். ஜாக்கெட்ல விழுறது பெரும்பாலும் நீளமா ஒல்லியா இருக்கும், அதுக்கு வேற வேலை இருக்கு, கீழ சொல்றேன்.

ரெண்டாவது, வெத்தலப் பாக்கோட வெச்சுக் குடுத்த பிளவுஸ் பிட். கொலுவுக்கு வந்தது, கல்யாணத்துல வந்தது, நமக்கு எந்தப் புடவைக்கும் சேராம அடுத்தவங்களுக்கு வெச்சுக் குடுக்கலாம்னு அடுக்கி வெச்சிருப்போம் பாருங்க, அதுல காட்டனா இருக்கிறத எடுங்க. 80 சென்டிமீட்டர் பிட்ல கிட்டத்தட்ட நாப்பது சதுரம் வந்துடும். ஒரே கலர் பிளெய்ன் துணி கொஞ்சம் இருந்தாத்தான் பூப்போட்ட துணி எடுப்பா தெரியும், அந்த பிளெய்னுக்கு டூ பை டூ பிட் மாதிரி எதுவும் கிடையாது.

மூணாவது பழைய காட்டன் புடவை, வேஷ்டி. மேல் பக்கத்துக்கு ஆகலைனாலும் உள்ள வெக்க, அடியில போட இதவிட நல்ல துணி காசு குடுத்தாலும் கிடைக்காது. புடவைல உக்கார்ற எடம் நைஞ்சிருக்கும், அத வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, அப்புறம் ரெண்டு கட்டைவிரலையும் பக்கத்துல வெச்சு லேசா இழுங்க, பர்ருனு கிழிஞ்சா அந்தப் பகுதிய வெட்டி ஒதுக்கிடுங்க. எங்க பாட்டியோட சுங்குடி ஒண்ண இப்படிப் பாத்தப்ப நடுவுல ஒண்ணரை மீட்டர் போக மீதி கெட்டியா இருந்துச்சு, அந்தப் புள்ளி புள்ளியா இருக்கிற துணி தொட்டா இன்னும் பாட்டி மடில படுத்த மாதிரியே இருக்கும், அதனால அத சதுரமா வெட்டாம முழுசா அடித்துணியா போட்டேன்.

பிரிக்கிறது

மொத்தத்தையும் தரைல கொட்டி முதல்ல கலரப் பாக்காதீங்க, துணியத் தொட்டுப் பாருங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு கலருக்காக எல்லாத் துணியையும் கலக்கிறதுதான். காட்டனும் பாலியஸ்டரும் பக்கத்துல பக்கத்துல தைச்சா துவைச்சதும் காட்டன் சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது, ரெண்டுக்கும் நடுவுல தையல் நெளியும். இஸ்திரி போடறப்ப காட்டனுக்கு வெக்கிற சூட்டுல அது உருகி பெட்டில ஒட்டும். சந்தேகமா இருந்தா ஓரத்துல ரெண்டு நூல் உருவி, ஒரு தட்டு மேல வெச்சு தீக்குச்சில காட்டுங்க. காட்டன்னா பேப்பர் எரியிற வாசம் வரும், சாம்பல் தொட்டா பொடியாகும். பாலியஸ்டர்னா உருகிச் சுருண்டு கடைசில கெட்டியா ஒரு மணி மாதிரி நிக்கும். ரெண்டும் கலந்த துணில பொடியும் இருக்கும், நடுவுல கெட்டியும் தட்டுப்படும்.

பனியன் துணி, டீசர்ட் துணி தனி. அது பின்னல் துணி, இழுத்தா நீளும், நெசவுத் துணியோட சேத்துத் தைக்கிறது முதல் போர்வைல வேண்டாம். ஜரிகை போட்ட ஓரம் பாக்க ஆசையா இருக்கும், ஆனா குழந்தை மேல பட்டா கீறும், தைக்கிறப்ப ஊசியும் மழுங்கும், வெட்டி எடுத்துடுங்க. ஜீன்ஸ் துணியையும் தனியா வைங்க, அது கனம், பக்கத்துல இருக்கிற மெல்லிசுத் துணிய இழுத்துக் கிழிச்சுடும்.

துவைக்கிறது, சாயம் பாக்கிறது

இதுல நான் பட்ட பாட்ட சொல்லியே ஆகணும். என் ரெண்டாவது போர்வை அக்கா பொண்ணுக்காகத் தைச்சது, வேஷ்டி வெள்ளையும் அரக்குச் சிவப்பும் மாத்தி மாத்தி வெச்சு சதுரங்கக் கட்டம் மாதிரி, பாத்தவங்க எல்லாரும் ரொம்ப நல்லாருக்குன்னாங்க. அந்தச் சிவப்பு ஒரு புது பிளவுஸ் பிட், துவைக்காம அப்படியே வெட்டிட்டேன். முதல் துவையல்ல பக்கெட் தண்ணி ரோஸ் மில்க் கலர்ல ஆச்சு, வெள்ளைக் கட்டம் அத்தனையும் ரோஸ். பக்கெட் பக்கத்துலயே உக்காந்து அழுதுட்டேன். அப்புறம் காய விடாம திரும்பத் திரும்ப நிறைய தண்ணில சோப்புத்தூள் போட்டு ஊற வெச்சு, தண்ணி கலங்கினா கொட்டிட்டு மறுபடி ஊத்தி, ராத்திரி வரைக்கும் பண்ணினதுல பெரும்பாலும் போச்சு. உங்களுக்கும் இப்படி ஆனா முக்கியமா காய விடாதீங்க, காஞ்சுட்டா அந்தக் கறை அப்படியே நின்னுடும்.

இது வராம இருக்க, வெட்டுறதுக்கு முன்னாடியே எல்லாத் துணியையும் துவைச்சுடணும், சின்னத் துண்டுனா ஒரு வலைப்பைல போட்டு. சிவப்பு, கருநீலம், கரும்பச்சை, கறுப்பு இத தனித்தனியா ஒரு கிண்ணத் தண்ணில அரை மணி நேரம் ஊற விட்டு, அதுமேல ஒரு வெள்ளைத் துணிய வெச்சு அழுத்திப் பாருங்க. கறை பட்டா திரும்ப அலசுங்க. மூணு நாலு அலசலுக்கு அப்புறமும் சாயம் போனா அந்தத் துணிய போர்வைல சேக்காதீங்க, வேற எதுக்காச்சும் வெச்சுக்கலாம். உப்புத் தண்ணில ஊற வெச்சா சாயம் நிக்கும்னு நம்ம வீட்ல எல்லாரும் சொல்வாங்க, நானும் பண்ணிப் பாத்தேன், ஒழுங்கா சாயம் ஏறாத துணிய உப்பு காப்பாத்தல.

துவைக்கிறதால இன்னொரு லாபம், காட்டன் சுருங்கற வரைக்கும் இப்பவே சுருங்கிடும், தைச்சதுக்கு அப்புறம் தனித்தனியா இழுத்துக்காது.

கஞ்சி

இது நம்ம வீட்டுல ஏற்கனவே இருக்கிற மருந்து. பழைய காட்டன் துவண்டு போயிருக்கும், கத்திரி வெச்சா நழுவும், மெஷின்ல இழுபடும். வடிச்ச கஞ்சிய துணில வடிகட்டி, ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணி கலந்து, துணிய முக்கிப் பிழிஞ்சு நிழல்ல காய வெச்சு, லேசா ஈரம் இருக்கிறப்பவே தேய்ச்சுடுங்க. காகிதம் மாதிரி நிக்கும், அப்புறம் சதுரம் சதுரமாவே இருக்கும், இழுபடாது. கடைல ஸ்ப்ரே ஸ்டார்ச்னு டப்பால விக்கிறதும் இதே வேலையத்தான் செய்யுது. ஒரே ஒரு ஜாக்கிரதை, கஞ்சி போட்ட துணிய மாசக்கணக்கா பெட்டில வெக்காதீங்க, இராமபாணப் பூச்சி அதத் தேடி வந்து தின்னும். இந்த வாரம் வெட்டுறதுக்கு இந்த வாரம் கஞ்சி, அவ்வளவுதான்.

வெட்டுறது

பிளாஸ்டிக் ஃபைல்ல சரியா 5 இன்ச் சதுரம் ஒண்ணு வெட்டிக்கோங்க. அதுக்கு அடியில நாலு மூலைலயும் உப்புத்தாள் துண்டு ஒட்டிட்டா துணி மேல நழுவாது. துணியோட நேர் நூல் பாத்து அட்டைய வைங்க, அதாவது நெசவு ஓடுற திசைக்கு இணையா. கிராஸா வெட்டின சதுரம் கைல எடுத்தாலே நீளும், அது ஒண்ணு உள்ள போனா வரிசையே வளையும். பென்சில்லயோ மார்க்கிங் சாக்லயோ கோடு போட்டு ஒவ்வொண்ணா வெட்டுங்க, ஆரம்பத்துல நாலு மடிப்பு சேத்து வெட்ட வேண்டாம், அடில இருக்கிறது அளவு தப்பும். அந்த ஒரே அட்டையத்தான் கடைசி வரைக்கும் வெச்சுக்கணும், வெட்டின துணிய வெச்சு அடுத்த துணி வெட்டினா ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா பெருசாகிட்டே போகும்.

64 சதுரத்துல பாதி வெளிர், பாதி அடர்த்தினு வந்தா போதும், எத்தன விதத் துணிங்கிறது உங்க இஷ்டம். எல்லாத்தையும் கட்டில் மேல பரப்பி ஒரு போட்டோ எடுத்து மொபைல்ல கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, எது எங்க கனமா நிக்குதுன்னு அப்பத்தான் தெரியும், கலரா பாக்கறப்ப கண்ணு ஏமாந்துடும். மனசுக்குப் பிடிச்சதும் இன்னொரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, பூனை நடந்தாலும் ஃபேன் காத்துல பறந்தாலும் திரும்ப அடுக்கலாம். அப்புறம் வரிசை வரிசையா அடுக்கி, ஒவ்வொரு அடுக்கு மேலயும் ஒரு சீட்டுல நம்பர் எழுதி ஊக்கு குத்திடுங்க.

ரெண்டு நூல் தையல்

நம்ம ஊர்ல ஆசாரியும் சரி, டெய்லரும் சரி, இன்ச்சுல எட்டுல ஒரு பங்க ஒரு நூல்னு சொல்வாங்க. குவில்ட் தையலுக்கு ஓரத்துல விட வேண்டியது கால் இன்ச், அதாவது ரெண்டு நூல். ஜாக்கெட்டுல தாராளமா உள்ள விட்டுத் தைச்சுப் பழகினவங்களுக்கு இது ரொம்பக் கம்மியா தோணும், ஆனா எல்லாக் கணக்கும் இந்த ரெண்டு நூல் மேலதான் நிக்குது. ஒவ்வொரு துண்டுலயும் அரை நூல் கூடிப் போச்சுன்னு வைங்க, ஒரு தையல்ல ரெண்டு துண்டு இருக்கு, அப்ப ஒரு தையலுக்கு ஒரு நூல் போச்சு, ஒரு வரிசைல ஏழு தையல், ஏழு நூல், கிட்டத்தட்ட ஒரு இன்ச். ஒரு வரிசை முப்பத்தாறு, அடுத்த வரிசை முப்பத்தஞ்சுனு வந்தா எந்தக் கட்டமும் மூலைல சேராது.

ஊசிக்குப் பக்கத்துல துணிய அமுக்கிப் பிடிக்கிற மெஷின் காலோட (பிரஷர் ஃபுட்) விளிம்பு எல்லா மெஷின்லயும் ஊசில இருந்து சரியா கால் இன்ச் இருக்காது. ஊசிய கீழ இறக்கி, ஊசி முனைல இருந்து டேப் வெச்சு அளந்து, அந்த எடத்துல மெஷின் பலகை மேல ஒரு பிளாஸ்திரியோ மாஸ்கிங் டேப்போ நேரா ஒட்டிடுங்க, துணி ஓரம் அந்த டேப்ப ஒட்டியே போகணும். ஒரு சோதனை பண்ணுங்க: ஒண்ணரை இன்ச் அகலத்துல மூணு பட்டை வெட்டி பக்கத்துல பக்கத்துல தைச்சு தேய்ச்சு, நடுப்பட்டைய அளந்தா சரியா ஒரு இன்ச் இருக்கணும். இல்லைனா டேப்ப நகத்திட்டு திரும்பத் தைங்க. இதுக்கு அரை மணி நேரம் ஆனாலும் பரவால்ல.

காட்டனுக்கு 14ஆம் நம்பர் ஊசி, புது ஊசி. நல்ல தரமான நூல்கண்டா பாத்து வாங்குங்க, மலிவு நூல் பாபின்ல சிக்கும்.

தைக்கிறப்ப ஒரு ஜோடி முடிஞ்சதும் நூல் அறுக்காம அடுத்த ஜோடிய அப்படியே உள்ள விடுங்க, பூ தொடுக்கிற மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா தொடர்ந்து வரும், எல்லாம் முடிஞ்சதும் நடுவுல இருக்கிற நூல வெட்டிப் பிரிச்சுக்கலாம். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

அடுத்து தேய்க்கிறது. தைச்ச ஒவ்வொரு தையலையும் தேய்ச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். தேய்க்கிறதுனு சொல்றோமே தவிர இங்க பெட்டிய இழுத்துத் தேய்க்கக் கூடாது, தூக்கித் தூக்கி வெச்சு அமுக்கணும், இழுத்தா சதுரம் நீளும். ஒத்தப்படை வரிசைல உள்ள மடிப்பு எல்லாம் இடது பக்கம் சாயட்டும், ரெட்டைப்படை வரிசைல வலது பக்கம். அப்பத்தான் ரெண்டு வரிசைய சேக்கிறப்ப மடிப்பும் மடிப்பும் எதிரெதிரா வந்து ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும், விரலால தடவிப் பாத்தா டக்குனு உக்காரும், அந்த எடத்துல ஒரு குண்டூசி குத்தித் தைச்சா மூலை நாலும் ஒரே புள்ளில சேரும். முதல் தடவ அந்த மூலை சேந்து நிக்கிறத பாக்கிற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே அடுத்த போர்வைய ஆரம்பிச்சுடுவீங்க.

உள்ள என்ன வெக்கிறது

வெளிநாட்டு வீடியோல நடுவுல பஞ்சு ஷீட் வெப்பாங்க. பாலியஸ்டர் ஷீட் இங்க கடைல கிடைக்கும், மலிவு, ஆனா மதுரை வெயிலுக்கும் சென்னைப் புழுக்கத்துக்கும் அத வெச்சுத் தைச்ச போர்வைய ஒருத்தரும் போத்த மாட்டாங்க, வேர்த்துக் கொட்டும். இலவம்பஞ்சு திணிக்கவும் வேண்டாம், துவைச்சா ஒரு மூலைல போய் கட்டியா நிக்கும். என் கைக்கு சரியா வந்தது பழைய காட்டன் புடவை ரெண்டு அடுக்கு. அஞ்சரை மீட்டர் புடவைய 40 இன்ச் நீளத்துக்கு வெட்டினா அஞ்சு துண்டு வரும், நைஞ்சது போக நாலு கிடைச்சாலும், ஒண்ணு அடித்துணி, ரெண்டு உள்ள, ஒண்ணு மிச்சம். ஊட்டி கொடைக்கானல்ல இருக்கிறவங்க, ஏசி ரூமுக்கு வேணும்ங்கிறவங்க நடுவுல ஒரு ஃபிளானல் துணியோ மெல்லிசு காட்டன் ஜமக்காளமோ வெச்சுக்கோங்க. அடித்துணியும் உள்துணியும் மேல் துணிய விட நாலு பக்கமும் ரெண்டு இன்ச் பெருசா இருக்கட்டும், அதுக்குத்தான் 40.

சுத்தமா கூட்டித் துடைச்ச டைல்ஸ் தரைல அடித்துணிய பின்பக்கம் மேல பாக்க விரிச்சு, சுருக்கம் இல்லாம, ரொம்ப இழுக்கவும் செய்யாம, ஓரத்துல டேப் ஒட்டுங்க. மேல உள்துணி, அதுக்கு மேல தைச்ச கட்டம். நடுவுல இருந்து ஆரம்பிச்சு வெளிய நோக்கி தடவித் தடவி ஊக்கு குத்திட்டு வாங்க, நாலு இன்ச்சுக்கு ஒண்ணு. உள்ளங்கைய எங்க வெச்சாலும் கைக்கு அடில ஒரு ஊக்கு தட்டுப்படணும். எம்பது ஊக்கு ஆகும், இல்லைனா டெய்லருங்க பண்ற மாதிரி நீள நீளமா கச்சாத் தையல் போட்டு அப்புறம் பிரிச்சுக்கலாம்.

இப்ப மூணையும் சேத்துத் தைக்கிற வேலை. ஊசிய 16ஆம் நம்பருக்கு மாத்துங்க, தையல் நீளத்தக் கொஞ்சம் கூட்டுங்க. நடுவுல ஒரு கோடு தைச்சுட்டு, அங்கருந்து ஒரு பக்கமா, அப்புறம் மறுபக்கமா வெளிய போங்க, ஓரத்துல ஆரம்பிச்சா நடுவுல துணி முட்டிக்கிட்டு மடிப்பு விழும். கட்டத்தோட தையலுக்கு ரெண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளி நேர்கோடா தைச்சா போதும். கால் மெஷின் வெச்சிருக்கிறவங்க கவலைப்படாதீங்க, இந்த வேலைக்கு மெதுவா போற மெஷின்தான் நல்லது, மோட்டார் மெஷின் ஓடற ஓட்டத்துல அடில மடிஞ்சத கவனிக்க மாட்டோம். ரெண்டு கோட்டுக்கு ஒரு தடவ திருப்பி அடிப்பக்கம் பாருங்க.

கையால போடறதா இருந்தா எம்ப்ராய்டரி நூல் மூணு இழை எடுத்து ஓட்டுத்தையல், ஒரு தையல் ஒரு அரிசி நீளம். எனக்கு இதுதான் மெஷின விடப் பிடிக்கும், டிவி பாத்துக்கிட்டே போடலாம், கை ஏறி எறங்கின சுவடு துணில தெரியும்.

ஓரம் கட்ட, மிச்சத்த நேரா வெட்டிட்டு, அரை மீட்டர் பாப்ளின்ல ரெண்டரை இன்ச் பட்டை நாலு வெட்டி ஒண்ணா இணைச்சு, நீளவாக்குல பாதியா மடிச்சு தேய்ச்சுக்கோங்க. மடிக்காத ஓரம் போர்வை ஓரத்தோட சேர முன்பக்கம் வெச்சு கால் இன்ச்சுல தைங்க. மூலைக்கு கால் இன்ச் முன்னாடி நிறுத்தி, நூல் வெட்டி, பட்டைய மேல நோக்கி சாய்வா மடிச்சு, திரும்ப நேரா கீழ மடிச்சு, அடுத்த பக்கத்த ஓரத்துல இருந்தே ஆரம்பிங்க, மூலை கூரா வரும். சுத்தி முடிஞ்சதும் பட்டைய பின்பக்கம் திருப்பி கையால ஹெம்மிங்.

மெஷின் இல்லாதவங்களுக்கு

கர்நாடகால உத்தர கன்னடா மாவட்டத்துல எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துல சித்தி மக்கள் இருக்காங்க, பல தலைமுறைக்கு முன்னாடி ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்களோட வழி. அவங்க வீட்டுப் பொண்ணுங்க தைக்கிற போர்வைக்கு கவந்தின்னு பேரு. இதுக்கு ஸ்கேல் வேண்டாம், கால் இன்ச் கணக்கு வேண்டாம். ஒரு பழைய புடவைய அடித்துணியா விரிச்சு, ஓரத்த உள்ள மடிச்சு, வெளி ஓரத்துல ஒரு மூலைல இருந்து துண்டுத்துணி வெச்சு, வெட்டு ஓரம் தெரியாம உள்ள மடிச்சு, ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டே சுத்திச் சுத்தி நடுவுக்கு வர வேண்டியதுதான். துண்டு சேக்கிறதும் அடுக்கு சேக்கிறதும் ஒரே தையல்ல முடிஞ்சிடும். கடைசில நாலு மூலைலயும் முக்கோணமா மடிச்ச துணிய பூ மாதிரி வெச்சுத் தைப்பாங்க, அதுக்கு ஃபூலான்னு பேரு, அது இல்லைனா போர்வை முடிஞ்ச கணக்கே இல்லைம்பாங்க. முதல் முயற்சிக்கு 15 இன்ச் சதுரத்துல ஒரு உக்கார்ற மணை மாதிரி தைச்சுப் பாருங்க. கோணலா வெட்டின டெய்லர் கடைத் துண்டுக்கு இதவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரிஞ்சு இல்ல.

நம்ம பக்கத்துலயும் துணி மேல துணி வெச்சுத் தைக்கிற கை உண்டு, தேர்ல தொங்குற தொம்பைய அடுத்த தடவ பக்கத்துல போய்ப் பாருங்க, தஞ்சாவூர் கும்பகோணம் பக்கம் அத தைக்கிறவங்க சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சைனு ரொம்பக் கொஞ்சம் கலர வெச்சே எவ்வளவு தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியிற மாதிரி பண்ணியிருப்பாங்க. கலர் தேர்வுக்கு நான் அதத்தான் பாத்துக் கத்துக்கிட்டேன்.

ஒல்லித் துண்டும் பொடித் துண்டும்

ஜாக்கெட் வெட்டுல விழுற ஒல்லிப் பட்டைகள, 5 இன்ச்ச விட கொஞ்சம் பெருசா வெட்டின பழைய வேஷ்டித் துணி மேல மூலைக்கு மூலை சாய்வா ஒண்ணு பக்கத்துல ஒண்ணா வெச்சுத் தைச்சு நிரப்புங்க, அப்புறம் அட்டை வெச்சு சதுரமா வெட்டிடுங்க. அடில வேஷ்டி இருக்கிறதால கிராஸா இருக்கிற பட்டை கூட இழுபடாது. இந்த மாதிரி நாலு சதுரத்த மூலை பாத்து சேத்தா நடுவுல வைரம் மாதிரி வரும்.

முக்கோணம் ஆசையா இருக்கிறவங்களுக்கு: ஒரு வெளிர், ஒரு அடர்த்தி, ரெண்டு 5 இன்ச் சதுரத்த நல்ல பக்கம் உள்ள பாக்க சேத்து வெச்சு, மூலைக்கு மூலை கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தைச்சு, கோட்டுலயே வெட்டிப் பிரிச்சா பாதி பாதி கலர்ல ரெண்டு சதுரம் ரெடி. தேய்ச்சு நாலரை இன்ச்சுக்கு வெட்டுங்க, தைச்சதும் நாலு இன்ச் நிக்கும், ஒம்பதுக்கு ஒம்பது வெச்சா அதே 36.

விரல் அளவு பொடித்துணிய சூடான பாத்திரம் பிடிக்கிற துணிக்கு வெச்சுக்கலாம், ஆனா அதுல கண்டிப்பா காட்டன் மட்டும்தான், வேற துணி சூட்டுல உருகி கைல ஒட்டும். உள்ள ஜீன்ஸ் துணி ரெண்டு அடுக்கு வைங்க.

சேந்து தைக்கிறது

தனியா தைச்சா ஒரே மாதிரித் துணியாவே இருக்கும். தைக்கிற ஆசை உள்ளவங்க எட்டுப் பேர் சேந்தா, ஒவ்வொருத்தரும் தன்கிட்ட இருக்கிற ஒரு துணில 64 சதுரம் வெட்டி ஆளுக்கு எட்டு குடுத்து எட்டு வாங்கிக்கிட்டா, ஒவ்வொருத்தர் கைலயும் எட்டு விதத் துணில 64 சதுரம், ஒரு முழுப் போர்வைக்குத் தேவையானது வந்துடும். 44 இன்ச் அகலத் துணில ஒரு மீட்டரும் கொஞ்சமும் இருந்தா 64 வெட்டலாம். முன்கூட்டியே பேசிக்க வேண்டியது மூணு: காட்டன் மட்டும், துவைச்சு சாயம் பாத்தது, ஒரே அட்டைல வெட்டினது. அந்த அட்டைய ஒருத்தரே எட்டு வெட்டி எல்லாருக்கும் குடுத்துடுங்க, ஒவ்வொருத்தர் டேப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

குழந்தைக்குத் தைக்கிறவங்க பட்டன், மணி, கண்ணாடி எதுவும் வெக்காதீங்க, பிச்சு வாய்ல போட்டுக்கும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தூங்கறப்ப போத்த வேண்டாம், முழிச்சு விளையாடறப்ப கீழ விரிக்க மட்டும்.

முடிச்சதும் ஒரு தடவ துவைச்சுடுங்க, கஞ்சியும் பென்சில் கோடும் போயிடும், துணி லேசா சுருங்கி தையலுக்கு நடுவுல புஸ்ஸுனு எழும்பி நிக்கும், அப்பத்தான் போர்வை மாதிரியே தெரியும். பச்சத் தண்ணி, கொஞ்சம் சோப்புத்தூள், முறுக்கிப் பிழியாம அமுக்கித் தண்ணி எடுத்து, கொடில ஒரு மூலைல தொங்க விடாம ரெண்டு கொடிக்குக் குறுக்கா விரிச்சு நிழல்ல காய வைங்க. காஞ்சதும் வெளிச்சத்துல பிடிச்சு ஒவ்வொரு தையலா பாருங்க, எங்கயாச்சும் ஓரம் கம்மியா பிடிச்சிருந்தா முதல் துவையல்லயே வாய் பிளந்திருக்கும். அந்த எடத்துல பிரிக்க வேண்டாம், மேல ஒரு சின்னத் துண்டுத்துணிய ஓரம் மடிச்சு வெச்சு ஓட்டுத்தையல் போட்டுடுங்க.